நாட்டுப்பற்றுக் கட்டுரையும் ஊவாத் தோட்டப் பிள்ளைகளும்

பெப்ரவரி 4 ஆம் திகதி அண்மிக்கும்போதெல்லாம் இலங்கையின் தமிழ்மொழிமூலப் பாடசாலைகளில் மாணவருக்குக் கொடுக்கப்படும் கட்டுரைத் தலைப்புகளுள் ‘நாட்டுப்பற்று’, ‘எனது தாய்நாடு’ என்னும் இரண்டும் தவறாமல் இடம்பெறுகின்றன. சுதந்திர தினத்தோடு அவை நின்றுவிடுவதில்லை. தவணைப் பரீட்சைகளிலும், சாதாரண தரப் பரீட்சைக்கான பயிற்சித்தாள்களிலும், பாடசாலை, கோட்டம், வலயம், மாகாணம் என்று படிப்படியாக நடந்து தேசிய மட்டத்தில் நிறைவுறும் தமிழ்மொழித் தினப் போட்டிகளிலும் ஏதேனும் ஒரு வடிவில் அவை தலைகாட்டிக்கொண்டே இருக்கின்றன. நாட்டின் வேறு பகுதிகளில் இத்தலைப்பு மாணவருக்கு எளிதாக இருக்கக்கூடும். பதுளை மாவட்டத்தில் பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுல, ஹாலிஎல, பண்டாரவளை, ஹப்புத்தளை, பூனாகலை ஆகிய பகுதிகளின் தோட்டப் பாடசாலைகளில் படிக்கும் பிள்ளைக்கோ, மூதாதையர் காடு வெட்டித் திருத்திய மலையும், பாட்டன் பாட்டிக்கு மறுக்கப்பட்டிருந்த குடியுரிமையும், ஒப்பந்தத்தால் கடலின் இரு கரைகளிலும் பிரிந்துபோன உறவுகளும் அத்தலைப்பின் பின்னால் நிற்கின்றன. ஆயினும் அப்பிள்ளை எழுதி முடிக்கும் கட்டுரையில் இவற்றுள் ஒன்றேனும் இடம்பெறுவது அரிதாகவே உள்ளது. நாட்டைப் பற்றி எழுதுவதற்கு மிகுதியான பொருளைக் கையில் வைத்திருக்கும் பிள்ளை வெறுங்கையோடு எழுதுவது ஏன் என்பதும், அந்நிலையை மாற்ற என்ன செய்யலாம் என்பதும் ஊவாவின் கல்வியைப் பற்றிச் சிந்திப்போர் அனைவரும் ஆராய வேண்டியவையாகும்.

கட்டுரையின் வார்ப்பு

பாடசாலைக் கட்டுரை முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்னும் மூன்று பகுதிகளைக் கொண்டது. முன்னுரை தலைப்பை அறிமுகப்படுத்துவது. பொருளுரை கருத்துகளை ஒழுங்குபடுத்தி விளக்குவது. முடிவுரை அவற்றைத் தொகுத்துக் கூறுவது. இந்த ஒழுங்கில் குறை காண்பதற்கு ஒன்றுமில்லை. சிதறிக் கிடக்கும் எண்ணங்களை நிரைப்படுத்தக் கற்பிக்கும் சிறந்த பயிற்சி அது. குறை, அந்தச் சட்டகத்துக்குள் ஆண்டாண்டு காலமாக நிரப்பப்பட்டுவரும் சரக்கில்தான் இருக்கிறது. பெற்ற தாயையும் பிறந்த பொன்னாட்டையும் ஒப்பிடும் தொடரோடு முன்னுரை தொடங்கும். பாரதியார், காந்தியடிகள், கப்பலோட்டிய சிதம்பரனார், கொடி காத்த குமரன் ஆகியோரின் தியாகங்கள் பொருளுரையில் வரிசையாக வரும். நாட்டுக்காக உயிரையும் கொடுப்போம் என்ற சூளுரையோடு முடிவுரை நிறைவுபெறும். கட்டுரைத் தொகுப்பு நூல்களும் மனப்பாடமும் இந்த வார்ப்பைத் தலைமுறைதோறும் கைமாற்றி வந்திருக்கின்றன.

இத்தகைய கட்டுரையின் தரத்தை அறிவதற்கு ஓர் எளிய சோதனை போதுமானது. கட்டுரையில் வரும் நாட்டின் பெயரை அழித்துவிட்டு வேறொரு நாட்டின் பெயரை அங்கே எழுதிப் பார்க்கலாம். அதன் பின்பும் கட்டுரை தங்குதடையின்றி ஓடுமானால், அதை எழுதிய மாணவர் எந்த நாட்டைப் பற்றியும் எழுதவில்லை என்பது தெளிவாகும். பாரதியாரையும் சிதம்பரனாரையும் மலையகப் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும் என்பதில் ஐயமில்லை. எனினும் பதுளையில் வாழும் பிள்ளை தன் நாட்டுப்பற்றுக்குச் சான்றாகத் தூத்துக்குடியையும் திருப்பூரையும் மட்டுமே காட்டி, தான் நின்றுகொண்டிருக்கும் மண்ணிலிருந்து ஒரு பெயரையேனும் எடுத்துக்காட்ட முடியாமற் போவது கற்பித்தலில் நேர்ந்த பெருங்குறையாகும்.

பற்றும் மேலாதிக்கமும்

நாட்டுப்பற்று என்பது ஒருவர் தாம் வாழும் மண்ணின்மீதும், அங்கு வாழும் மக்களின்மீதும், அவர்களின் வாழ்முறையின்மீதும் கொள்ளும் அன்பும் பொறுப்புணர்வுமாகும். ஆங்கில எழுத்தாளர் ஜோர்ஜ் ஓர்வெல் 1945 இல் எழுதிய கட்டுரையொன்றில் இவ்வுணர்வைத் தேசியவாதத்திலிருந்து பிரித்துக் காட்டினார். முன்னது ஓர் இடத்தின்மீது கொள்ளும் ஈடுபாடு, அதைப் பிறர்மீது திணிக்க விரும்பாதது என்றும், பின்னது தன் கூட்டத்துக்கு அதிகாரமும் மதிப்பும் தேடும் வேட்கை என்றும் அவர் விளக்கினார். பிரான்சிய அறிஞர் எர்னஸ்ட் ரெனான் 1882 இல் பாரிசில் ஆற்றிய புகழ்பெற்ற உரையில், இனமோ மொழியோ மதமோ ஒரு தேசத்தை ஆக்குவதில்லை என்றும், பொதுவான நினைவுகளும் சேர்ந்து வாழ வேண்டும் என்ற விருப்பமுமே அதனை ஆக்குகின்றன என்றும் வாதிட்டார். பல இனங்களும் மொழிகளும் மதங்களும் வாழும் இலங்கையில் இக்கருத்துகள் தனிப்பொருள் பெறுகின்றன. ஒரு சமூகத்தின் நினைவுகள் நாட்டின் பொது நினைவிலிருந்து விடுபட்டுப்போனால், அச்சமூகத்துப் பிள்ளை எழுதும் நாட்டுப்பற்றுக் கட்டுரை இரவல் நினைவுகளால் மட்டுமே நிரம்பும். ஊவாவில் நிகழ்ந்திருப்பதும் அதுவே.

ஊவா தரும் முதற்பாடம்

நாட்டுப்பற்றைப் பற்றிய ஆழமான பாடமொன்றை ஊவாவின் வரலாறே தருகிறது. 1815 இல் கண்டி இராச்சியத்தைக் கைப்பற்றிய பிரித்தானியருக்கு எதிராக 1817 இல் ஊவா, வெல்லஸ்ஸப் பகுதிகளில் பெருங்கிளர்ச்சி மூண்டது. பதுளையில் பணியாற்றிய பிரித்தானிய அதிகாரி வில்சன் அதன் தொடக்கத்திலேயே கொல்லப்பட்டார். கிளர்ச்சியை அடக்குவதற்காக ஊவாவின் திசாவை, அதாவது மாகாணத் தலைவர், என்னும் பதவியிலிருந்த கெப்பெட்டிபொல படையுடன் அனுப்பப்பட்டார். அவரோ கிளர்ச்சியாளருடன் இணைந்துகொண்டு, தமக்கு வழங்கப்பட்டிருந்த ஆயுதங்களைப் பிரித்தானியருக்கே திருப்பி அனுப்பினார். வயல்களும் குளங்களும் கால்நடைகளும் அழிக்கப்பட்டு, ஊவா மக்கள் பஞ்சத்துக்குள் தள்ளப்பட்ட பின்னரே கிளர்ச்சி ஒடுங்கியது. 1818 நவம்பர் 26 ஆம் திகதி கெப்பெட்டிபொல கண்டியில் சிரச்சேதம் செய்யப்பட்டார்.

தேசாதிபதி பிரவுன்ரிக்கின் அரசு கிளர்ச்சித் தலைவர்கள் 19 பேரை 1818 இல் துரோகிகள் எனப் பிரகடனம் செய்திருந்தது. சுதந்திர இலங்கையின் பாடநூல்கள் கெப்பெட்டிபொலவை வீரர் எனப் போற்றியபோதிலும் அப்பிரகடனம் ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகள் நீக்கப்படாமலே கிடந்து, 2016 டிசம்பரில்தான் ஜனாதிபதியின் வர்த்தமானி அறிவித்தலால் இரத்துச் செய்யப்பட்டது. துரோகிகள் என்று பட்டியலிடப்பட்டவர்கள் தேசிய வீரர்களாயினர். நாட்டுப்பற்றாளர் யார் என்பதை அவ்வக்காலத்து ஆட்சியின் முத்திரை முடிவுசெய்துவிடாது என்ற உண்மையை இதைவிடத் தெளிவாக விளக்கும் சான்று வேறொன்று ஊவாவில் இல்லை. சிங்கள மாணவருக்கு எவ்வளவு உரியதோ அவ்வளவு இவ்வரலாறு தமிழ் மாணவருக்கும் உரியது. தான் வாழும் மாகாணம் அந்நிய ஆட்சியை எதிர்த்து எவ்வளவு விலை கொடுத்தது என்பதைத் தோட்டப் பிள்ளை தன் கட்டுரையில் எழுதும்போது, அயற்கிராமத்தின் நினைவு அப்பிள்ளையின் நினைவாகவும் ஆகிறது.

மலையேறியவர்கள்

கிளர்ச்சி ஒடுக்கப்பட்ட பின்னர், 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரித்தை நிரூபிக்க முடியாத காடுகளையும் தரிசு நிலங்களையும் முடிக்குரியவை எனக் கொள்ள வழிசெய்தது. முடிக்குரியவை என்றால் பிரித்தானிய அரசின் உடைமை என்று பொருள். சேனைப் பயிருக்கும் மேய்ச்சலுக்கும் கிராமத்தவர் பயன்படுத்திவந்த நிலங்கள் இவ்வாறு அவர்கள் கையைவிட்டுப் போய்க் கோப்பித் தோட்டக்காரருக்கு விற்கப்பட்டன. தோட்டங்களில் உழைப்பதற்காக அச்சட்டத்துக்கு முன்பிருந்தே திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, புதுக்கோட்டை, இராமநாதபுரம் முதலிய இடங்களிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் கங்காணிமார் மூலம் அழைத்துவரப்பட்டன. கங்காணி என்பவர் ஆட்களைத் திரட்டிவந்து, அவர்களின் கடனுக்கும் வேலைக்கும் இடைத்தரகராக நின்றவர். தலைமன்னார்க் கரையிலிருந்து காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து, அங்கிருந்து மலையேறிய அப்பயணத்தில் கொள்ளைநோய்க்கும் பட்டினிக்கும் பலியானோர் பல்லாயிரவர். அப்பயணத்தின் 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் ஒன்று நடத்தப்பட்டது.

ஆகவே நிலத்தை இழந்த சிங்களக் குடியானவரும் நிலத்தில் பிணைக்கப்பட்ட தமிழ்த் தொழிலாளரும் ஒரே ஆட்சியால் பாதிக்கப்பட்ட இரு தரப்பினர் ஆவர். இவ்வுண்மை இரு சமூகத்துப் பாடசாலைகளிலும் ஒருங்கே கற்பிக்கப்பட்டிருந்தால், பின்னாளில் ஒருவரையொருவர் ஐயத்தோடு நோக்கும் நிலை பெருமளவு தணிந்திருக்கும். கோப்பி இலைநோயால் அழிந்த பின் மலைகளில் தேயிலை பரவியது. 1890 இல் பிரித்தானிய வணிகர் தோமஸ் லிப்டன் ஹப்புத்தளையின் தம்பேதன்னைத் தோட்டத்தை வாங்கினார். உலகச் சந்தையில் இலங்கைத் தேயிலையின் பெயர் பரவியதில் அத்தோட்டத்துக்குப் பெரும்பங்குண்டு. 1924 இல் புகையிரதப் பாதை பதுளையை எட்டியது. ‘சிலோன் டீ’ என்று உலகம் அறிந்த பெயரின் ஒவ்வோர் எழுத்துக்கும் பின்னால் இம்மக்களின் உழைப்பு இருந்தபோதிலும், தம்மை நாட்டின் மக்களாக ஏற்கச் செய்வதற்கு அவர்கள் நெடுங்காலம் போராட வேண்டியிருந்தது.

குடியுரிமை இல்லாத வகுப்பறை

தோட்டத் தொழிலாளரின் உரிமைக்காக எழுதிய கோ. நடேசய்யர் 1924 இல் கொழும்பிலிருந்து வெளியிட்ட தமிழ்ப் பத்திரிகையின் பெயர் ‘தேசபக்தன்’ என்பதாகும். கூலி, கடன், அடித்தல், சிறைவைத்தல் ஆகிய தோட்டத்துக் கொடுமைகளை எழுதிய ஏடு அப்பெயரைத் தாங்கி நின்றது என்பது, தொழிலாளரின் நீதிக்காகக் குரல்கொடுத்தலும் தேசபக்தியே என்ற தெளிவு நூறாண்டுகளுக்கு முன்பே மலையகத்தில் இருந்ததற்குச் சான்றாகும்.

1947 ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் கே.வி. நடராஜா பண்டாரவளைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றத்துக்குத் தெரிவுசெய்யப்பட்டார். நாடு சுதந்திரம் பெற்ற 1948 ஆம் ஆண்டிலேயே நிறைவேற்றப்பட்ட 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், தந்தையின் வழியில் இலங்கைப் பிறப்பை நிரூபிக்க வேண்டும் என்றது. பிறப்புப் பதிவுகள் முறையாக வைக்கப்படாத தோட்டங்களில் அத்தகைய நிரூபணம் பெரும்பாலோருக்கு இயலாததாயிற்று. 1949 இல் வந்த தேர்தல் திருத்தச் சட்டம் வாக்குரிமையைக் குடியுரிமையுடன் பிணைத்தமையால், 1947 இல் வாக்களித்தவர்களுள் பெரும்பாலோர் 1952 இல் வாக்காளர் இடாப்பில் இல்லாதவராயினர். அதே 1949 இல் கொண்டுவரப்பட்ட இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டத்தின் கீழ் ஏறத்தாழ 8 லட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் சமர்ப்பிக்கப்பட்டபோதிலும், குடியுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1 லட்சத்து 34 ஆயிரம் பேர் மட்டுமே.

எஞ்சியோர் நாடற்றவர் எனப்பட்டனர்; எந்த நாடும் தன் குடிமகனாக ஏற்காத நிலையில் இருப்பவரைக் குறிக்கும் சட்டச்சொல் அது. 1964 ஒக்டோபர் 30 ஆம் திகதி இலங்கை, இந்தியப் பிரதமர்களிடையே கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 9 லட்சத்து 75 ஆயிரம் எனக் கணக்கிடப்பட்ட அம்மக்களுள் 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கும் 3 லட்சம் பேரை இலங்கைக்கும் உரியவராகப் பகிர்ந்தது. மீதி 1 லட்சத்து 50 ஆயிரம் பேர் 1974 இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். பதுளையிலும் பண்டாரவளையிலும் கோச்சி எனப்படும் புகையிரதம் ஏறித் தலைமன்னாருக்குச் சென்று கப்பலேறிய குடும்பங்களில், இலங்கையில் பிறந்து வளர்ந்து, அதுவரை இந்தியாவைக் கண்ணாலும் கண்டிராத பிள்ளைகள் இருந்தனர். தங்கியிருந்தோரின் குடியுரிமைச் சிக்கல் 1988 ஆம் ஆண்டுச் சட்டத்தாலும், இறுதியாக 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தாலும் தீர்க்கப்பட்டது.

இக்காலக் கணக்கைக் கட்டுரைத் தலைப்போடு பொருத்திப் பார்க்க வேண்டும். 1948 க்கும் 1988 க்கும் இடைப்பட்ட 40 ஆண்டுகளில் ஊவாவின் தோட்டப் பாடசாலைகளில் ‘எனது தாய்நாடு’ என்று எழுதிய பிள்ளைகளுள் பெரும்பகுதியினரைச் சட்டத்தின் பார்வையில் எந்தத் தாய்நாடும் ஏற்றிருக்கவில்லை. அப்பிள்ளைகள் எழுதிய கட்டுரைகளில் வெற்றுச் சொற்கள் மிகுந்திருந்தால் அதற்கு அவர்களைக் குறைகூற முடியாது. உண்மையை எழுதியிருந்தால் அது முறையீடாக ஒலித்திருக்கும், பாடசாலையோ வாழ்த்துரையை எதிர்பார்த்தது. இந்தப் பழக்கமே குடியுரிமை கிடைத்த பின்னரும் தொடர்கிறது. பாட்டனார் அச்சத்தால் எழுதாமல் விட்டதைப் பேரப்பிள்ளை அறியாமையால் எழுதாமல் விடுகிறது.

பாடநூலின் முன்பக்கம்

தோட்டப் பாடசாலையின் வரலாறும் இதே திசையில்தான் சென்றது. 1920 ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டம் தோட்டத்துரைமார்மீது 6 முதல் 10 வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி வழங்கும் கடமையைச் சுமத்தியது. எனினும் ஒரே அறை, ஒரே ஆசிரியர் என்ற நிலையிலேயே பெரும்பாலான பாடசாலைகள் நடந்தன. கல்வி அமைச்சர் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் 1945 இல் நாடெங்கும் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோதும், தோட்டப் பாடசாலைகள் அரசின் முழுப் பொறுப்புக்குள் வரவில்லை. தோட்டங்கள் அரசுடைமையான பின்பு, 1977 முதலாகவே அரசு அப்பாடசாலைகளைப் படிப்படியாகப் பொறுப்பேற்றது. பதுளை சரஸ்வதி கல்லூரி, பண்டாரவளை, பசறை, ஹப்புத்தளைத் தமிழ்க் கல்லூரிகள் முதலியவற்றில் உயர்தரம் படித்துப் பல்கலைக்கழகம் செல்லும் தோட்டப் பிள்ளைகளின் வளர்ச்சியை இந்தப் பின்புலத்தோடு சேர்த்தே மதிப்பிட வேண்டும்.

இன்று அரசு இலவசமாக வழங்கும் தமிழ்மொழிப் பாடநூலைத் திறந்தால் முன்பக்கங்களிலேயே தேசிய கீதம் தமிழில் அச்சிடப்பட்டிருக்கிறது. ஆனந்த சமரக்கோன் சிங்களத்தில் ஆக்கிய கீதத்தைப் புலவர் மு. நல்லதம்பி தமிழாக்கினார், அரசியலமைப்பின் தமிழ் வடிவத்திலும் அத்தமிழ் வரிகள் இடம்பெற்றுள்ளன. 1949 க்குப் பின்னர் தேசிய சுதந்திர தின நிகழ்வில் 2016 பெப்ரவரி 4 ஆம் திகதிதான் அக்கீதம் தமிழில் மீண்டும் இசைக்கப்பட்டது. 2020 இல் அது தவிர்க்கப்பட்டது. காலைக்கூட்டத்தில் தமிழில் பாடும் பிள்ளைக்கு, அதே கீதம் தலைநகரில் தன் மொழியில் ஒலிக்குமா என்பது ஆண்டுதோறும் ஐயத்துக்குரிய வினாவாக இருக்கக்கூடாது. கல்வியின் தேசியக் குறிக்கோள்களுள் முதன்மையானது, மனித மாண்பை மதித்தல் முதலான பண்புகளின் அடிப்படையில் தேசத்தைக் கட்டியெழுப்பி இலங்கையர் என்ற அடையாளத்தை உறுதிப்படுத்துவதாகும். அக்குறிக்கோளை நிறைவேற்றுவதற்குப் பாடசாலையில் கிடைக்கும் எளிய கருவிகளுள் ஒன்று நாட்டுப்பற்றுக் கட்டுரை.

ஓர் ஆசிரியர் காட்டிய வழி

இவ்வழியில் ஊவாவுக்கு ஒரு முன்னோடியும் உண்டு. 1934 இல் பதுளையை அடுத்த ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் பிறந்து, தெளிவத்தைத் தோட்டப் பாடசாலையில் ஆசிரியராகப் பணியாற்றி, அத்தோட்டத்தின் பெயரையே தம் பெயரோடு இணைத்துக்கொண்டவர் எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப். ‘காலங்கள் சாவதில்லை’ என்னும் நாவலும், 1979 இல் வெளிவந்து சாகித்திய விருது பெற்ற ‘நாமிருக்கும் நாடே’ என்னும் சிறுகதைத் தொகுதியும் அவருடைய படைப்புகளுள் குறிப்பிடத்தக்கவை. நாடற்றவர் என்று ஒரு சமூகம் ஏட்டில் எழுதப்பட்டிருந்த காலத்தில் அத்தொகுதிக்கு அவர் இட்ட பெயர் ஓர் உரிமைப் பிரகடனமாகும். லயம் எனப்படும் தோட்டத்து வரிசை வீடுகளின் வாழ்வையும் தோட்டத்து மனிதரையும் அவர்களின் பேச்சையும் அருகிருந்து நோக்கி எழுதினாரேயன்றி, நாட்டை விளித்துப் பெருமுழக்கம் எதையும் அவர் செய்யவில்லை. 2022 இல் அவர் மறைந்தபோது, ஊவா மண்ணுக்கு இலக்கியத்தில் நிலையான இடம் தேடித்தந்த ஒருவரை நாடு இழந்தது. அவருடைய கதைகளை வகுப்பறையில் படிக்கச் செய்யும் ஆசிரியர், தம் மாணவருக்குக் கட்டுரை எழுதும் முறையையும் சேர்த்தே கற்பித்தவராவார்.

மடுவத்துக் கணக்கு

அவ்வாறு நோக்கி எழுதுவது நடைமுறையில் எப்படி அமையும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டைக் காணலாம். மடுவம் என்பது மலையில் பறித்த கொழுந்தை நிறுக்கும் இடம். அங்கு ஒரு தாயின் பெயருக்கு நேரே நாளொன்றில் 18 கிலோ பதியப்படுவதாகக் கொள்வோம். ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். ஆகவே அத்தாயின் ஒருநாள் உழைப்பு ஏறத்தாழ 4 கிலோ தூளாகிறது. ஒரு கோப்பைக்கு 2 கிராம் என்றால் அது 2,000 கோப்பைத் தேநீர். ஒரு பெண்ணின் இரு கைகள் ஒரு பகற்பொழுதில் 2,000 பேருக்குத் தேநீர் ஆக்கித் தருகின்றன, அதனால் நாட்டுக்கு அந்நியச் செலாவணி வருகிறது என்று ஏழாந்தரத்துப் பிள்ளை கணக்கிட்டு எழுதினால், தாயையும் நாட்டையும் ஒப்பிடும் பழைய உவமை அங்கே உண்மையாகிவிடும். குறித்த நிறை எடுக்காத நாளில் அதே தாய்க்கு அரைப்பேர் மட்டுமே போடப்படும் என்பதையும், அதாவது அரைநாட் கூலியே கிடைக்கும் என்பதையும், அக்கட்டுரை சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இயற்கையைப் பற்றி எழுத விரும்பும் பிள்ளைக்கும் பொருள் உண்டு. தென்மேல் பருவக்காற்று மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் குறைந்த காற்றாக மலையைத் தாண்டி ஊவாவின் கீழைச் சரிவுகளில் வீசும் ஜூலை முதல் செப்டெம்பர் வரையான காலத்தில், கொழுந்தின் வளர்ச்சி மந்தமாகி, உலகெங்கும் விலைபோகும் தனிமணம் அதில் ஏறுகிறது. அழகிய நாடு, வளமான நாடு என்ற அடைமொழிகளைவிட இந்த ஒரு வாக்கியம் நாட்டை மிகுதியாக அறிமுகப்படுத்தும்.

இழப்பும் நாட்டுப்பற்றின் பகுதியே. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை கொஸ்லாந்தைக்கு அருகிலுள்ள மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அவ்விடம் அபாயமானது என்ற எச்சரிக்கை முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. பாடசாலைக்குச் சென்றிருந்ததால் உயிர் தப்பிய பிள்ளைகள் சிலர் பெற்றோரை இழந்தனர். படையினரும் அயற்கிராமத்தவரும் நாட்டின் பல பகுதி மக்களும் உதவிக்கு விரைந்தனர். எச்சரிக்கையைக் கேட்டும் இடம்மாற்றாத அலட்சியத்தையும், இனம் பாராமல் நீண்ட உதவிக்கரங்களையும் ஒரே கட்டுரையில் எழுதத் தெரிந்த பிள்ளை, தன் நாட்டை உள்ளபடி அறிந்த பிள்ளை. இன்னொரு செய்தியும் அக்கட்டுரையில் இடம்பெறத் தக்கது: தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிடுவதற்குப் பிரதேச சபைகளுக்கு இருந்த தடை, 1987 ஆம் ஆண்டுச் சட்டம் 2018 இல் திருத்தப்பட்ட பிறகே நீங்கியது. வாக்களித்துத் தெரிவுசெய்த சபை தன் லயத்துக்குப் பாதை போட முடியாதிருந்தது என்பதை அறியும் மாணவர், உரிமையும் கடமையும் எவ்வாறு இணைகின்றன என்பதைக் குடியியற் பாடநூலைவிடத் தெளிவாக உணர்வார்.

புள்ளியிடும் ஆசிரியருக்கு

இத்தகைய கட்டுரைகள் நாட்டைக் குறைகூறுவதாகாவா என்ற ஐயம் எழலாம். வீட்டின் கூரை ஒழுகுவதைச் சொல்லும் பிள்ளையை வீட்டின்மீது பற்றில்லாத பிள்ளை என்று எவரும் கருதுவதில்லை. நாட்டின் குறையைச் சொல்வதும் அவ்வாறே. உண்மையை அறிந்து, அதைத் திருத்த விரும்பி, அதற்கான பொறுப்பைத் தானும் ஏற்க முன்வருவதே முதிர்ந்த நாட்டுப்பற்று. புகழ்ச்சி மட்டும் கற்பிக்கப்பட்ட மாணவர் முதல் ஏமாற்றத்திலேயே நாட்டை வெறுக்கத் தலைப்படுவார். வரலாற்றை முழுமையாக அறிந்தவரோ இன்னலுக்கிடையிலும் நாட்டோடு நின்று உழைப்பார். இரண்டு நூற்றாண்டுகளாக உரிமைகள் மறுக்கப்பட்டும் இம்மண்ணை விட்டுப்போக மனமில்லாமல் தங்கிய தோட்டத்து மக்களைவிட உறுதியான நாட்டுப்பற்றாளரை வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

மாற்றம் தொடங்க வேண்டிய இடம் புள்ளியிடும் முறையாகும். மனப்பாடமாக எழுதப்பட்ட மேற்கோளுக்குப் புள்ளி கிடைக்கும்வரை மாணவர் மேற்கோளையே எழுதுவர்; தம் கண்ணால் கண்டதற்குப் புள்ளி கிடைக்கும் என்று அறிந்தால் கண்டதை எழுதத் தொடங்குவர். பண்டாரவளை, பசறை, பதுளை, வெலிமடை வலயங்களின் தமிழாசிரியர்கள் அடுத்த பெப்ரவரிக்கு முன்னர் செய்யக்கூடியவை மூன்று உள்ளன. தலைப்பைக் கொடுக்கும் முன் தோட்டத்தின் வரலாற்றை வீட்டிலுள்ள மூத்தவரிடம் கேட்டுவருமாறு மாணவரைப் பணிக்கலாம். கெப்பெட்டிபொலவின் வரலாற்றையும் 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தையும் ஒரே வாரத்தில் கற்பிக்கலாம். மடுவம், லயம், அரைப்பேர், கோச்சி ஆகிய தோட்டத்துச் சொற்களைக் கட்டுரையில் பிழையாகக் கருதாமல் விளக்கத்தோடு எழுதுமாறு ஊக்கலாம். இவற்றுக்குப் புதிய நிதியோ சுற்றறிக்கையோ தேவையில்லை. போட்டிகளின் நடுவர்களும் இதே அளவுகோலைக் கையாண்டால், மாகாண மட்டத்தில் பரிசு பெறும் கட்டுரைகள் ஊவாவின் வரலாற்று ஆவணங்களாகவே மதிக்கப்படும் நிலை உருவாகும்.

பெற்றோருக்கும் இதில் பங்குண்டு. ஒப்பந்தக் காலத்துக் கடவுச்சீட்டுகளும், குடியுரிமைச் சான்றிதழ்களும், இந்தியா சென்ற உறவினரின் கடிதங்களும் பல தோட்டத்து வீடுகளில் இன்னும் பெட்டிகளுக்குள் இருக்கின்றன. அவற்றை எடுத்துப் பிள்ளைகளிடம் காட்டி, அவை வந்த கதையைச் சொல்லுங்கள். பாட்டனாரின் பெயர் வாக்காளர் இடாப்பிலிருந்து நீங்கிய ஆண்டையும், பேரப்பிள்ளையின் பெயர் அதில் சேர்ந்த ஆண்டையும் அறிந்து எழுதப்படும் நாட்டுப்பற்றுக் கட்டுரையே ஊவாத் தோட்டப் பிள்ளை இந்நாட்டுக்கு அளிக்கக்கூடிய மெய்யான கட்டுரை. அதற்கு முழுப்புள்ளி வழங்குவது ஆசிரியரின் கடமை.